பொதுக்கிணறு நீங்கலாக

ஆய்வேட்டின் தலைப்பைத் தமிழிலும் தர வேண்டும் என்று பல்கலைக்கழகப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. எட்டு வருஷம் பகுதிநேரமாக முட்டி மோதி எழுதி முடித்த எனக்கு அந்தக் கட்டத்தை நிரப்பத் தெம்பில்லை. ஆங்கிலத் தலைப்பைப் போனில் மொழிபெயர்க்கப் போட்டேன், வந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். படிவம் திரும்பி வந்தது. ‘சுருக்கப்பட்ட விண்வெளிகளின் மாறாத உள்நோக்கங்கள்’ என்ற என் எழுத்துக்குக் கீழே யாரோ சிவப்பு மையில் ‘யாருடைய உள்நோக்கம்?’ என்று கேட்டிருந்தார்கள். மோட்டிவிக் என்ற கணிதச் சொல்லைப் போன் அப்படிப் புரிந்துகொண்டிருந்தது. சிரித்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஏனென்றால் அன்றைக்குத்தான் கடைசி நாள். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் திருச்சியில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து, புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகக் கணிதம் நடத்துகிறவள் நான். கௌரவம் பெயரில் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாது. டாக்டர் பட்டம் இருந்தால்தான் நிரந்தர வேலைக்கு மனுப் போட முடியும். எனக்கு வயது நாற்பத்து மூன்று, வேறு வழி எதுவும் மிச்சமில்லை.

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு டைப்பிங் கடை. நடத்துகிற அக்காவின் கணவர் சவுதியில் இருக்கிறார். அக்கா காலையிலிருந்து பாகப்பிரிவினைப் பத்திரமும் கிரயப் பத்திரமுமாக அடித்துக்கொண்டிருப்பார். தலைப்பையும் தமிழ்ச் சுருக்கத்தையும் புதிதாக அடித்துத் தரச் சொல்லி அவரிடம் போய் நின்றேன்.

“இது என்னன்னு ஒரு வரி சொல்லுங்க டீச்சர். புரியாம அடிச்சா எனக்குத் தப்பு வரும்” என்றார்.

நேரமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எட்டு வருஷத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். சொன்னேன். சில புள்ளிகள் இருக்கின்றன, ஒன்றின் மேல் ஒன்று உட்காரக் கூடாது. அவை எத்தனை விதமாக நிற்கலாமோ அத்தனை விதமும் சேர்ந்தது ஒரு வெளி. புள்ளிகள் முட்டப் போகிற இடங்களில் அந்த வெளி ஓட்டையாக இருக்கும். எப்படி நெருங்கின, எந்தப் பக்கமிருந்து நெருங்கின என்ற விவரத்தோடு அந்த ஓட்டைகளை அடைக்கிறோம். பிறகு வெளியைப் பங்கு பங்காக வெட்டி, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு மதிப்புக் கணக்கிட்டுக் கூட்டுகிறோம். எப்படி வெட்டினாலும் கூட்டுத்தொகை மாறக் கூடாது.

“பங்காளிங்க நெலத்தப் பிரிக்கிற மாதிரிதானே? பிரிச்ச பங்கையெல்லாம் கூட்டுனா தாய்ப் பத்திரத்துல உள்ள அளவு வரணும்.”

“அதேதாங்க்கா!” என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

‘கச்சிதமாக்கப்பட்ட அமைவு வெளிகளின் மோட்டிவிக் மாறிலிகள்’ என்று தலைப்பை முடிவு செய்தோம். உள்நோக்கத்தை எடுத்துவிட்டு மோட்டிவிக்கை அப்படியே வைத்துக்கொண்டேன். பிறகு நான் சுருக்கத்தைச் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். இரண்டு புள்ளிகள் நெருங்கும் இடமெல்லாம் ஒரு பங்கு, மூன்று நெருங்கும் இடமெல்லாம் ஒரு பங்கு. அக்காவின் விரல் நின்றது.

“டீச்சர், மூணு நெருங்கி நிக்கிற எடத்துலயே அதுல ரெண்டு மட்டும் இன்னும் ஒட்டி நின்னா? அது எந்தப் பங்கு?”

சொல்லி முடித்த வரியை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அக்காவே தொடர்ந்தார்.

“ரெண்டுலயும் வருதே. பொதுக் கெணறு மாதிரி. நாங்க ‘பொதுக்கிணறு நீங்கலாக’ன்னு ஒரு வார்த்தை போடுவோம். போடாட்டி ரெண்டு பேரு பங்குலயும் ஏறிக்கும். அப்பறம் கோர்ட்டுக்குத்தான் அலையணும்.”

“அதெல்லாம் உள்ள இருக்குக்கா” என்றேன். முதல் மூன்று அத்தியாயங்களில் இருந்தது. நான்கு புள்ளி வரைக்கும் கவனமாக நீக்கி நீக்கித்தான் எழுதியிருந்தேன். கையோடு கொண்டு வந்திருந்த ஆய்வேட்டின் பைண்டிங்கைத் திறந்து நான்காம் அத்தியாயத்தைப் பார்த்தேன். எத்தனை புள்ளி வைத்தாலும் செல்லும் என்று நான் மார்தட்டிக்கொண்ட அத்தியாயம் அது. பரீட்சை டியூட்டிக்கும் விடைத்தாள் கட்டுக்கும் நடுவே எழுதியது. அதன் முதல் துணைத் தேற்றத்தில் ‘நீங்கலாக’ என்ற அந்தச் சொல் இல்லை. மற்ற எல்லாம் அந்த ஒரு வரியின் மேல் நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். எனக்கு அங்கேயே அழுகை வந்தது.

“யா அல்லா, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா?” என்று அக்கா எழுந்துவிட்டார்.

வெளியே வந்து நெறியாளருக்குப் போன் போட்டேன். திருச்சிக்காரர், ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். பொறுமையாகத்தான் கேட்டார். “ஏம்மா, அதை யாரும்மா உக்காந்து படிக்கப் போறா? கொடுத்துட்டு வா. அப்பறம் பாத்துக்கலாம்.”

கொடுத்துவிட்டு வந்தேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நான்காம் அத்தியாயத்தைப் பிரித்தெடுக்க நேரமில்லை என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் மனசு வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், மறைந்தும்விட்டது. தேர்வாளர்கள் இரண்டு பேரும் ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் நான்காம் அத்தியாயத்தைத் தனியாகப் பாராட்டியிருந்தார். கல்லூரியில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அதன் பிறகு அக்கா கடை இருக்கும் தெருப் பக்கம் நான் போகவில்லை. ஒரு ஜெராக்ஸ் எடுப்பதென்றாலும் பஸ் ஸ்டாண்டு வரை சுற்றிக்கொண்டு போனேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? கோடை விடுமுறையில் உட்கார்ந்து கணக்கைத் திருத்திப் பார்த்தேன். கிணற்றை நீக்கினால், மாறாது என்று நான் நிரூபித்தது மாறியது. நான்கு புள்ளி வரைக்கும்தான் தேறியது.

போன மாதம் நிரந்தர வேலைக்கு அறிவிப்பு வந்தது. பட்டச் சான்றிதழை இணைக்க வேண்டும். ஜெராக்ஸ் எடுக்கச் சான்றிதழோடு கிளம்பியவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. கால் தானாக எதிர்ப் பக்கம் நடந்தது.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “வாங்க டீச்சர், இங்கிட்டு வந்து ரொம்ப நாளாச்சே! அந்தக் கெணறு என்னாச்சு?”

பொய் சொல்லத்தான் நினைத்தேன். அலுப்பாக இருந்தது. பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூட ஒரு தெம்பு வேண்டும்.

“அப்படியேதாங்க்கா இருக்கு. அதோடதான் பட்டம் வாங்கினேன்.”

அவர் முகம் மாறவில்லை. இதை மாதிரி எத்தனை பேர் அந்தக் கடையில் வந்து சொல்லியிருப்பார்களோ.

“அதுக்கென்ன, பிழைத்திருத்தல் பத்திரம்னு ஒண்ணு இருக்கு. பதிஞ்சதுக்கு அப்பறமும் போடலாம்.”

“போட்டா பட்டமே போனாலும் போயிருங்க்கா. வேலைக்கு மனுப் போட முடியாது.”

“அது போடுறவங்க பாடு. நான் அடிக்கத்தான் செய்வேன்” என்றார். பிறகு கேட்டார்: “ஆனா ரெண்டு பார்ட்டியும் வந்து கையெழுத்துப் போடணுமே டீச்சர். ஒங்களுக்கு எதிர்ப் பார்ட்டி யாரு?”

“நான்தாங்க்கா.”

அவர் பக்கத்து நாற்காலியில் கிடந்த பத்திரக் கட்டை எடுத்துக் கீழே வைத்தார்.

“அப்ப உக்காருங்க. ரெண்டு பேரும் வந்தாச்சுல்ல.”