இடப்பக்கக் கண்ணாடி

மேரு டவுனில், கார்க் கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு டின்ட் தாளை உரிப்பவரிடம் காரை விட்டேன். ஒல்லியான ஆள், கழுத்தில் ஈரத்துண்டு. எந்தக் கண்ணாடியானாலும் முதலில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்.

“ஏன்க்கா இவ்ளோ கறுப்பு?”

“என் புருஷன் ஒட்டினான். பக்கத்துல எவ உட்கார்ந்திருக்கான்னு தெரியக்கூடாதுல்ல. இப்ப கார் எனக்கு. சுபாங் ஜெயாவுல அவங்க ரெண்டு பேரும் இருக்கிற வீட்டு முன்னால ஓட்டப்போறேன். என் மூஞ்சி தெரியணும்.”

அவர் சிரிக்கவில்லை. இடப்பக்கக் கண்ணாடியில் சூட்டுக்காற்று அடித்து, ஓரத்தை நகத்தால் கிளப்பினார்.

“அவ உட்கார்ந்த பக்கம். நீங்களே இழுங்க. மெதுவா லா, இல்லாட்டி பசை நின்னுரும்.”

வெடுக்கென்று இழுத்தேன். பாதியில் கிழிந்தது, பசை அப்படியே நின்றது.

“என் பொண்டாட்டி என்னை விட்டுப் போன அன்னிக்கு நானும் ஒரு கார்ல இப்படித்தான் இழுத்தேன்” என்றபடி பிளேடால் சுரண்டத் தொடங்கினார்.

யாருடைய கார் என்று கேட்கவில்லை. அன்று மாலை அந்த வீட்டு முன் ஹாரனை விடாமல் அழுத்தினேன், அவர் பங்குக்கும் சேர்த்து.