எழுந்தவர் தோற்றவர்

பேச்சு தடித்தால் அவள் கை துணியைத் தேடும். வீட்டிலானாலும் வேலை செய்யும் இடத்திலானாலும் அப்படித்தான். பேருந்தில் யாரோ இரண்டு பேர் இருக்கைக்குச் சண்டை பிடித்தால்கூடத் தன் பையிலிருக்கும் துண்டை எடுத்து நான்காக மடிப்பாள், நீவுவாள், மறுபடி விரித்து மடிப்பாள். மடித்து மடியில் வைத்துவிட்டால் அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று பொருள். அவளுடைய கணவர் இருபத்தேழு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "துண்டு நாலா மடிஞ்சா கேஸ் முடிஞ்சுது" என்பார்.

மடிப்பதுதான் அவள் பிழைப்பு. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் காலை ஐந்து மணி ஷிப்டு. அதற்கு மூன்றரைக்கே எழுந்தாக வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவளுக்கு அன்றிலிருந்தே ஈரத்துணிதான் துணை. நான்கு பெரிய இயந்திரங்கள் அவள் பொறுப்பு. கறை போன விரிப்பு, போகாத விரிப்பு, கிழிந்தது, டாக்டர்களின் பச்சை அங்கி என்று தனித்தனியே பிரித்துப் போட வேண்டும். தண்ணீர் குடித்த போர்வையை இழுத்து இழுத்து வலது தோள்பட்டை இடதைவிட ஒரு விரல் அளவு இறங்கிவிட்டது. இரண்டு மணிக்கு வெளியே வரும்போது, உடம்பு தன்னுடையதா இரவல் வாங்கியதா என்ற சந்தேகம் வரும்.

செஸ் அவளுக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது. இயந்திரம் ஒரு சுற்று ஓடி முடிய நாற்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் கொதிகலனைக் கவனிப்பவர் சோப்புத்தூள் பீப்பாயின் மூடியில் கட்டம் கீறி, மருந்து பாட்டில் மூடிகளைக் காய்களாக வைத்து, கிடைத்த ஆளோடு ஆடுவார். ஆறு மாதம் தள்ளி நின்று பார்த்தாள். ஒரு நாள் எதிரில் உட்கார ஆள் வரவில்லை. "சும்மா ஒரு கை வைம்மா, பாட்டில் மூடி கடிக்காது" என்றார். உட்கார்ந்தாள். முப்பதாவது நிமிடத்தில் அவருடைய ராஜா மூலையில் மாட்டிக்கொண்டு முழித்தது.

அதற்கு அடுத்த வாரமே அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஆட்டத்தின் நடுவில் மணி அடித்து யார் எழுந்து போகிறார்களோ அவர்கள் தோற்றதாகக் கணக்கு. அவருக்குக் கொதிகலன் ஒன்று. அவளுக்கு இயந்திரம் நான்கு, நான்குக்கும் தனித்தனி மணி. பதினான்கு வருடம் மணி அடித்ததும் எழுந்தாள், தோற்றாள், போய்த் துணியை இறக்கினாள்.

மகள் ஒரு கல்வி நிறுவனத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறாள். நாள் முழுக்கப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. அங்கேயே ஆராய்ச்சிப் பிரிவில் இரண்டு வருடப் பயிற்சிக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. பெரிய பட்டம் தேவையில்லை, சொந்தமாக ஏதாவது செய்துகொண்டு வந்து காட்டட்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து மாதம் அவகாசம், இருபதாம் தேதி கடைசி. மகள், அலுவலகத்தில் கழித்துக்கட்டிய ஒரு கணினியைக் கொண்டுவந்து சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் வைத்தாள். அதற்குள்ளே செஸ் ஆடும் நிரல் ஒன்றை வளர்க்க ஆரம்பித்தாள். அதற்குக் குட்டி என்று பெயர் வைத்தாள்.

"இதுக்கு நான் ஆட்டமே சொல்லித்தரலம்மா. எந்தக் காய் எப்படி நகரும்னு மட்டும்தான் தெரியும். மத்ததெல்லாம் ஆடி ஆடி அதுவே கத்துக்கணும். முடிஞ்சதும் யார் ஜெயிச்சாங்கன்னு மட்டும் சொல்லுவேன்."

"எதனால ஜெயிச்சதுன்னு சொல்ல மாட்டியா?"

"மாட்டேன். அத அதுவே தேடிக்கும். நியூரல் நெட்வொர்க்னா அப்படித்தான்."

கணவர் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் ஒரு கிடங்கில் இரவுக் காவல். மாலை ஆறு மணிக்குக் கிளம்புவார். "இதுல என்ன புதுசு? உங்கம்மா என்னை அப்படித்தானே வளத்தா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா, எதுக்குன்னு நாமளா தேடிக் கண்டுபிடிக்கணும்."

குட்டி தன்னோடு தானே ஆடிக்கொள்ளும். ஆனால் பழைய கணினிக்கு மூச்சு வாங்கியது. அதனால் மனிதரோடு ஆடிய ஆட்டத்துக்கு எடை கூட்டிப் போட்டிருப்பதாக மகள் சொன்னாள். "நீ ஒரு நாளைக்கு ரெண்டு ஆட்டம் ஆடினாப் போதும்மா. சும்மா விளையாட்டா ஆடு. பாதியில எழுந்துட்டா மட்டும் அப்படியே விட்டுட்டுப் போகாத, குட்டி முழிச்சுக்கிட்டே நிக்கும். கீழ இருக்கிற பொத்தான்ல ஒண்ண அழுத்திட்டுப் போ." பொத்தான்கள் இரண்டு: தோற்றேன், சமன்.

மகள் வீடு திரும்ப ஏழு மணி ஆகும். அம்மா மாலை நாலரைக்குத் திரையின் முன் உட்காருவாள். முதல் இரண்டு மாதம் குட்டி தூக்கத்தில் நடப்பதுபோல ஆடியது. ராணியைக் கொண்டுவந்து சிப்பாயின் வாயில் கொடுக்கும். ஜெயிக்கிற நிலையில் குதிரையை ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டு போகும். அவளுக்குப் பாவமாக இருக்கும். மூன்றாம் மாதம் ஆட்டத்தின் தொடக்கம் திருந்தியது. பதினைந்து நகர்த்தல் வரைக்கும் மனிதர் ஆடுவதுபோலவே இருக்கும்.

அதற்குள் அவளுக்குக் கண் சொருகிவிடும். மூன்றரைக்கு எழுந்த உடம்பு ஐந்தரை மணிக்கு மணி அடிக்கும். கணவருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். துண்டை மடித்து மடியில் வைப்பாள். எழுந்தவர் தோற்றவர்; 'தோற்றேன்' என்பதை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போவாள். பலகையில் அவளுக்கு ஒரு யானையும் ஒரு மந்திரியும் கூடுதலாக நிற்கும்.

மகள் வந்ததும் கணக்கைத்தான் பார்ப்பாள். "அம்மா, இந்த வாரம் பத்துக்கு எட்டு குட்டி ஜெயிச்சிருக்கு. நீ நிஜமாவே தோத்தியா?"

"ஆமா."

மகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவள் வேறென்ன சொல்ல முடியும்? தோற்றது தோற்றதுதானே.

நான்காம் மாதம் குட்டிக்கு ஒரு பழக்கம் வந்தது. இருபது நகர்த்தலுக்குப் பிறகு மூலையில் நிற்கும் யானையை ஒரு கட்டம் நகர்த்தும். அடுத்த முறை திரும்ப மூலைக்கே கொண்டுவரும். மறுபடி ஒரு கட்டம், மறுபடி மூலை. அவள் ஒவ்வொரு காயாக வெட்டிக்கொண்டு வந்தாலும் அது அசராது. யானை போகும், வரும். மகள் தானே ஆடிப் பார்த்தாள். அப்போதும் இதே கூத்து.

"இன்னும் பழகணும்மா. ஆட்டம் பத்தல. நீ தினம் மூணா ஆடு" என்றாள்.

அம்மாவுக்கு அந்த நடை எங்கேயோ பார்த்ததாக இருந்தது. ஒரு வாரம் கழித்து வேலையில் புரிந்தது. சலவைக்கூடத்து மேஸ்திரியம்மா ஒரு விஷயத்தைச் செய்ய மறுக்க நினைத்தால் மறுக்கமாட்டாள். மேசையைத் துடைப்பாள், மறுபடி அதே மேசையைத் துடைப்பாள், கேட்க வந்தவள் கால் கடுத்துத் தானாகப் போகும்வரை துடைப்பாள். குட்டி அதைத்தான் செய்துகொண்டிருந்தது. இந்தம்மா எப்படியும் எழுந்து போய்விடுவாள், நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது. அதற்கு அதைக் கற்றுக்கொடுத்தது யார் என்று நினைத்தபோது, கையிலிருந்த ஈர விரிப்பு தரையில் விழுந்தது.

சொல்லத்தான் வேண்டும். ஆனால் எப்படி? எட்டாம் வகுப்புக்காரி, நியூரல் என்று வாயில் சொல்லவே கூசுகிறவள், உன் இயந்திரத்தில் குறை இருக்கிறது என்று மகளிடம் எப்படிச் சொல்வது? அதோடு பத்துக்கு எட்டு என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். சொன்னால் அந்த எட்டும் போய்விடும். மென்று விழுங்கியே பன்னிரண்டு நாள் ஓடியது.

பீப்பாய் மூடியின் எதிரே கொதிகலன்காரரிடம் கேட்டாள். "அண்ணே, எழுந்தா தோல்வின்னு ஏன் அப்போ சட்டம் போட்டீங்க?"

அவர் ஒரு மூடியைக் கையில் உருட்டினார். "வேற என்ன பண்றது? நீ ஜெயிச்சுக்கிட்டே இருந்த. என் மானத்த நான் காப்பாத்த வேணாமா?"

"பதினாலு வருஷமா?"

"நீ கேப்பேன்னு பாத்தேன். நீ கேக்கவே இல்லயே."

அன்று தேதி பதினைந்து. மகள் வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் திரையின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கணவருக்கு அன்று விடுப்பு, கட்டிலில் கிடந்தார். துண்டு மடியில் மடித்தபடி இருந்தது.

"பாப்பா, குட்டிக்குக் கோளாறு ஒண்ணும் இல்ல. நான் எழுந்திருக்கிறதுக்கு அது காத்துக்கிட்டு இருக்கு."

"என்னம்மா சொல்ற?"

சலவைக்கூடத்துச் சட்டத்தைச் சொன்னாள். மணி, நான்கு இயந்திரம், பொத்தான், ஐந்தரைக்குச் சொருகும் கண், எல்லாம். சொல்லும்போதே குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மகள் பழைய ஆட்டங்களைத் திறந்து ஒவ்வொன்றாகக் கடைசி நிலையைப் பார்த்தாள். இருபது, முப்பது பார்த்திருப்பாள்.

"இதுல ஆறு நகர்த்தல்ல நீ ஜெயிச்சிருப்ப."

"ஆமா."

"இதுல மூணு."

"ரெண்டு" என்றாள் அவள்.

"மொத்தம் இருநூத்தி எண்பத்தாறு ஆட்டம். நிஜமா எத்தனைல தோத்த?"

"பதினொண்ணு இருக்கும்."

"நான்தான் கேட்டேனேம்மா, நிஜமாவான்னு!" மகளின் குரல் உடைந்தது. "தினமும் கேட்டேன்."

"தோத்தியான்னு கேட்ட. எங்க இடத்துல அதுக்குப் பேரு தோக்கறதுதான்டி."

கணவர் எழுந்து உட்கார்ந்தார். "விடு பாப்பா. அந்தக் குட்டி என்கிட்ட வந்திருந்தா இருபத்தேழு வருஷ அனுபவத்துல முதல் நாளே சொல்லியிருப்பேன், இவ துண்ட மடிக்கிற வரைக்கும் சும்மா இருந்தாப் போதும்னு." யாரும் சிரிக்கவில்லை. அவரும் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

மகள் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அம்மாவின் ஆட்டங்களை எல்லாம் எடுத்துவிட்டு, மிச்சத்தை வைத்துக் குட்டியை மறுபடி பழக்கினாள். யானை போய் வருவது நின்றது. கூடவே, கற்றதில் பாதியும் போனது. ராணி மறுபடி சிப்பாயின் வாயில் விழ ஆரம்பித்தது. தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டாள்; முடியாது என்றுவிட்டார்கள்.

இருபதாம் தேதி மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தார்களாம். ஐந்து ஆட்டம். நான்கில் குட்டி தோற்றது. ஐந்தாவதில் எதிரே ஆடியவருக்கு நடுவில் போன் வந்து அவர் எழுந்து வெளியே போய்விட்டார், திரும்ப வரவில்லை. அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. இடம் வேறு ஒருவருக்குப் போனது.

மகள் இதை வீட்டில் சொல்லும்போது அந்தப் போன் விஷயத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். "அம்மா, பழைய குட்டியக் கொண்டுபோயிருந்தா அந்த ஆள் எழுந்து போறவரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருக்கும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அது எந்தத் தண்ணீர் என்று அம்மாவுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அன்று தோன்றியது. இப்போதும் சில நாள், பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது, தோன்றுகிறது.

இது நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. மகள் அதே ஒப்பந்த வேலையில்தான் இருக்கிறாள். இந்த வருடமும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அம்மாவுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. தோள்பட்டைக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். பீப்பாய் மூடியில் சட்டம் மாறவில்லை. வீட்டுத் திரையின் கீழே மட்டும் இப்போது மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. மூன்றாவதில் 'எழுந்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறது. அதை அழுத்தினால் அந்த ஆட்டம் குட்டிக்குப் போகாது. வாரத்தில் ஐந்து நாள் அதைத்தான் அழுத்துகிறாள். விடுமுறை நாளில் பகலில் உட்கார்ந்து முழுதாக ஆடுகிறாள். பத்துக்கு மூன்று குட்டி ஜெயிக்கிறது.