மூட்டைக்குள் சூப்பர்வைசர்

இன்று மாலை எங்கள் பனியன் கம்பெனியில் கோடை விடுமுறை நாடகம். இயக்கம் நான்.

அதிகம் யாரும் போடாத ஒரு பழைய ஆங்கில நகைச்சுவை. ஊரான் மனைவிகளுக்கு வலை வீசும் தொந்திக்காரரை இரண்டு பெண்கள் அழுக்குத்துணிக் கூடையில் அடைத்து எறிவார்கள். கூடைக்குப் பதிலாக நாங்கள், துணி வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் மூட்டை வைத்தோம்.

தொந்திக்காரர் வேஷத்தைச் சூப்பர்வைசரே கேட்டு வாங்கினார். "பொம்பளைங்க சீனெல்லாம் எனக்குத்தானுங்களே!"

தையலில் பிழை காட்டும்போதும் அவர் கை பெண்களின் தோளில்தான் இருக்கும். புகார் போனபோதெல்லாம் முதலாளி சிரித்து அனுப்பிவிட்டார்.

மேடையில் டெய்லர்கள் செல்வியும் சாந்தாமணியும் அவரை மூட்டைக்குள் இறக்கி, மேலே துணிக்கழிவைக் கொட்டினார்கள். ஒத்திகையில் அதோடு சரி. இன்று இருவரும் ஏறி மிதித்தார்கள். வேஸ்ட் மூட்டையை மிதித்துத்தானே கட்டுவது வழக்கம்!

"ஐயோ, மூச்சு முட்டுதுங்க! அவுத்து உடுங்க!"

அது வசனத்தில் இல்லை. கூட்டம் விசிலடித்தது. முதலாளிதான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். திரைக்கயிறு என் கையில்தான் இருந்தது. எல்லாரும் சிரித்து முடித்த பிறகே இழுத்தேன்.

வியர்வையும் பஞ்சுமாக வெளியே வந்தவரின் தோளில் முதலாளி கை வைத்தார். "நெசமாட்டவே நடிச்சீங்க போங்க! அடுத்த ஞாயித்துக்கெழமை பெருமாநல்லூர் யூனிட்லயும் போட்டுருங்க."

சூப்பர்வைசர் வாயில் புகுந்த பஞ்சைத் துப்பிக்கொண்டிருந்தார்.

ஒத்திகை எப்போது என்று திருநெல்வேலிக்காரி செல்வியிடம் கேட்டேன். "எதுக்கு சார்? கால் பழகிட்டுல்லா!"

உங்கள் கம்பெனியிலும் போட வேண்டுமா? மூட்டையும் எங்களிடம் உண்டு, மிதிக்க ஆளும் உண்டு. உள்ளே போக வேண்டியவர் யார் என்று மட்டும் கமெண்டில் சொல்லுங்கள்.