ஒலிபெருக்கி ராணி

என் மனைவியின் குரல் ஊருக்கே தெரியும். முகம்தான் யாருக்கும் தெரியாது. பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவள். இருபத்திரண்டு வருடம் கண்ணாடி அறைக்குள் எதையும் இரண்டு தடவை சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே பழக்கம். "சாப்பிட வாங்க. சாப்பிட வாங்க." முதல் அழைப்புக்கு நான் தையல் மெஷினை விட்டு எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது.

ஐம்பது வயதில் அவளுக்கு நடிப்பு ஆசை வந்தது. நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், பழைய செய்யுள் நாடகம் ஒன்றைப் போட ஆள் தேடிக்கொண்டிருந்தாள். இவள் போய் நின்றாள். குரலைக் கேட்டதுமே ராணி வேடம்.

"ஒரு நாளாவது என் மூஞ்சிய நாலு பேரு பாக்கட்டும்ங்க" என்றாள் என்னிடம். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கே ராணி உடைக்குத் துணி வெட்டினேன்.

ஒத்திகையில் மானம் கப்பலேறியது. செய்யுள் என்றால் மூச்சு எங்கே விடுவது என்று தெரிய வேண்டும். அழுகைகூட ஓசை கெடாமல் வர வேண்டும். அண்ணனைக் கொல்ல வாளோடு வருகிறான் இளைய மகன். தாய் வாசலை மறித்துச் சொல்ல வேண்டும்:

வாளினை வைப்பாய் மகனே, இங்கே
ஆளிலா வாயிலில் அன்னைநான் நிற்கிறேன்.

இவளோ மூன்றாம் நடைமேடையில் பஸ் கிளம்புகிற தொனியில் சொன்னாள். அதுவும் இரண்டு தடவை!

நூலகப் பெண் லேசில் சிரிக்க மாட்டாள். யார் ஒரு வார்த்தை கூட்டினாலும் வெட்டிவிடுவாள் என்பதால் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருந்தேன்.

"எழுதினவரு ஒரு தடவைதான் எழுதியிருக்காரு. நீங்க ஏன்க்கா ரெண்டு தடவை சொல்றீங்க?"

"முதல் தடவை சொன்னா தலையத்தான் திருப்புவாங்கம்மா. ரெண்டாவதுதான் காதுல ஏறும்."

"இது பஸ் ஸ்டாண்டு இல்லக்கா. மேடையில இப்படி ஆச்சுன்னா இனி உங்களுக்கு வேஷமே கிடையாது."

அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். அடுத்த ஒரு மாதம் நான்தான் இளவரசன். மெஷினை மிதித்துக்கொண்டே வசனம் பேசுவேன், அளவுகோல்தான் வாள். அவள் இரண்டாம் தடவைக்கு வாயெடுத்தால் மேசையில் ஒரு தட்டு. மெல்ல மெல்ல பஸ் தொனி போயிற்று. அழைப்பும் ஒன்றாகக் குறைந்தது. அந்த மாதம் முழுக்க நான் ஆறிய சாப்பாடுதான் சாப்பிட்டேன்.

நாடகத்தன்று அரங்கில் பாதிப் பேர் டிரைவர்களும் கண்டக்டர்களும்தான். கடைசிக் காட்சி. இளவரசனாக மருந்துக்கடைக்காரர். இவள் வரிகளைச் சொன்னதும் அவர் வாளைக் கீழே போட வேண்டும். சொன்னாள், கம்பீரமாக, ஒரே தடவை. மனுஷன் கூட்டத்தைப் பார்த்தார், எல்லாம் மறந்துபோச்சு! ஓங்கிய வாள் ஓங்கியபடியே நிற்கிறது.

திரை ஓரத்தில் கத்தரிக்கோல் தலையில் கை வைத்துக்கொண்டாள். என் மனைவி அவளைப் பார்த்தாள். பிறகு மகனுக்குப் பக்கத்தில் ஓர் எட்டு வைத்து, அதே இரண்டு வரியை மறுபடி சொன்னாள். முதலில் சொன்னது ராணி. இப்போது சொன்னது பெற்றவள். குரல் உயரவே இல்லை. ஆனால் கடைசி வரிசையில் இருந்த எனக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. மருந்துக்கடைக்காரர் கையிலிருந்து வாள் தானாக நழுவி விழுந்தது. அவர் நிஜமாகவே அழுதார். கண்டக்டர்கள் அவள் முகத்தைப் பார்க்க எழுந்து நின்று கைதட்டினார்கள்.

உடை மாற்றும் அறைக்குக் கத்தரிக்கோல் வந்தாள். இவள் முந்திக்கொண்டு, "மன்னிச்சிரும்மா. மன்னிச்சிரும்மா" என்றாள்.

கத்தரிக்கோல் நாடகப் பிரதியைப் பிரித்தாள். அந்த இரண்டு வரிக்குக் கீழே அதே இரண்டு வரியைப் பேனாவால் இன்னொரு முறை எழுதினாள்.

"அடுத்த நாடகத்துலயும் நீங்கதான்க்கா."

என் மனைவி தலையைத் திருப்பினாள், அவ்வளவுதான். காதில் ஏறவில்லை. கத்தரிக்கோல் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.