இடது செருப்பின் எண்

என் தம்பி மகளுக்குச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை. பதினொரு வருடமாகத் தரம் பார்க்கும் மேசையில் நிற்கிறாள். ஒரு நாளைக்கு அறுநூறு ஜோடி அவள் கையைத் தாண்டிப் போகும். பசை பிதுங்கியதோ தையல் விட்டதோ, எதுவும் தப்பாது. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ‘பூதக்கண்ணாடி’. அந்தக் கண்ணுக்கு வீட்டிலேயே ஒன்று நாற்பத்தைந்து நாள் தப்பியது.

அவள் மகளுக்கு வயது பதினைந்து. இரண்டு வருடம் முன்பு மாடிப்படியில் இடறி இடது கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, நரம்பில் வலி தங்கிவிட்டது. போர்வை பட்டாலே பாதத்தில் நெருப்பை வைத்தது போலிருக்கும் என்பாள். முதல் மாத்திரை பதினேழு நாள், ஓயாத வாந்தி. இரண்டாவது இருபத்திரண்டு நாள்; உடம்பெல்லாம் தடிப்பு. மூன்றாவதை ஜனவரி 8 அன்று தொடங்கினார்கள். வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை எண்ணாகச் சொல்லி, இரு வேளையும் எழுதி வரும்படி டாக்டரம்மா சொல்லியிருந்தார். நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தது நான். தேதி, நேரம், மாத்திரை, வலி. மாத்திரை அவளை என்ன செய்கிறது என்று எழுதவும் ஒரு கட்டம் வேண்டும் என எனக்குத் தோன்றவில்லை.

எட்டு, எட்டு, ஏழு என்று போன எண் பிப்ரவரி 2 அன்று மூன்றுக்கு இறங்கி அங்கேயே நின்றது. நிம்மதியாக மூச்சுவிட்டோம். அவள் நொண்டுவது மாறவில்லை. பழக்கத்தில் வந்தது, போகப் போகச் சரியாகும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

மார்ச் 19, காலை எட்டே கால். மூன்று நிலைத்திருந்தால் இதே மாத்திரையைத் தொடர எழுதிக் கொடுத்து, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அன்று அவரிடம் கிளம்பும் அவசரத்தில் தாய் மகளின் செருப்பை எடுத்தாள். பழக்கதோஷம், கை தானாகத் திருப்பிப் பார்த்தது. மாத்திரை தொடங்கிய அன்றே வாங்கிய ஜோடி. வலது அடியில் அளவு எண் 37 தேய்ந்து மறைந்திருந்தது. இடது அடியில் கடையில் பார்த்தபடியே பளிச்சென்று இருந்தது.

“இந்தக் கால நீ தரையில ஊனவே இல்லையேடி. மூணுன்னு சொன்ன?”

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “மூணு இல்லம்மா. ஏழு. சில நாள் எட்டு. ஏழுன்னா டோஸ ஏத்துவாங்க. இப்பவே ஒரு பக்கம் படிச்சு முடிக்கறதுக்குள்ள முதல் வரி மறந்துபோகுது. வலிய நான் தாங்கிக்குவேன். மக்கா ஆக முடியாது. டாக்டர்கிட்ட சொல்லிடாத.”

தாய் செருப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு, மகளுக்குப் பழைய ஜோடியைக் கொடுத்தாள். வண்டியில் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டி, நன்றாகக் குறைந்திருக்கிறது என்று மகிழ்ந்து, பேனாவைத் திறந்தார். தாய் பையை மகளின் மடியில் வைத்தாள்.

“நான் சொல்லல. நீயே சொல்லு.”

மருந்துச் சீட்டில் இரண்டு வரி எழுதியாகிவிட்டது. மகளின் கை பையின் மேலேயே கிடந்தது. மூன்றாவது வரிக்குப் பேனா இறங்கும்போது அவள் செருப்புகளை எடுத்து, அடிப்பக்கம் மேலே தெரிய, நோட்டின் மேல் வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். “ஏத்துறது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்னு நெனச்சியா? வலியும் போகாம ஆளையும் மந்தமாக்குனா அது தோத்த மாத்திரைம்மா. இன்னைக்கு நீ சொல்லலன்னா ஆறு மாசம் அதையே விழுங்கியிருப்ப.”

பழைய மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். இதயத்துக்கு ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, நான்காவதை மிகக் குறைந்த அளவில், இரவில் மட்டும் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் வரச் சொன்னார். நோட்டில் ஐந்தாவது கட்டம் போட்டேன். அதில் பெரும்பாலும் ‘வாய் வறட்சி’ என்று இருக்கிறது. ஒரு நாள் மட்டும், ‘நாற்பது பக்கம் படித்தேன், எல்லாம் ஞாபகம் இருக்கிறது.’

மே 14 காலை தாய் எண் கேட்டாள். மகள் சற்று யோசித்து, “அஞ்சு,” என்றாள். தாய் ஐந்து என்று எழுதிவிட்டு, வாசலுக்குப் போய் இடது செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். 37-இல் 7 மங்கியிருந்தது. 3 இன்னும் தெரிந்தது.