சீட்டக்கா தோற்ற ஆட்டம்

சாலிடேர் என்ற தனியாள் சீட்டாட்டம் ஆடி நீங்கள் கடைசியாகத் தோற்றபோது, தோற்றது சீட்டாலா, உங்களாலா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். தெருவே சீட்டக்கா என்று கூப்பிட்ட ஒரு பெண்ணுக்கு இதற்குப் பதில் தெரியும். தெரிந்தும் அதை அவள் வீட்டில் நேரத்தோடு வாய் திறந்து சொல்லவில்லை. அதற்கு விலை கொடுத்தவள் வேறொருத்தி.

அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் தாள் அடுக்குவது சீட்டக்காவின் வேலை. மின்சாரம் போன மத்தியானங்களில் மற்றவர்கள் கூட்டம் கூடி ரம்மி ஆடுவார்கள். கும்பல் பிடிக்காத இவள் மூலையில் உட்கார்ந்து தனியாளாக ஆடப் பழகினாள். கணவன் போனபின் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தபோது துணிப்பெட்டியோடு சீட்டுக்கட்டும் வந்தது. துணி தேய்க்கிற மேசைதான் களம். ஏழு வரிசை போடுவாள். ஒவ்வொன்றிலும் கடைசிச் சீட்டு மட்டும் முகம் காட்டும். மற்றதெல்லாம் குப்புறக் கிடக்கும். கறுப்பின்மேல் சிவப்பு, சிவப்பின்மேல் கறுப்பு என்று இறங்குவரிசையில் கோத்துக்கொண்டே குப்புறக் கிடப்பதைத் திருப்ப வேண்டும். ஏஸ் முதல் ராஜா வரை இனம் இனமாக மேலே ஏற்றி முடித்தால் ஜெயம்.

மற்றவர்கள் பொழுதைப் போக்க ஆடுவார்கள், இவள் கணக்குப் போட்டு ஆடுவாள். எந்த வரிசையில் அதிகச் சீட்டு குப்புறக் கிடக்கிறதோ அதைத்தான் முதலில் கிளறுவாள். மேசையில் போட்டதுபோக மிஞ்சிய கையிருப்புக் கட்டை ஒருமுறை முழுக்கப் புரட்டிப் பார்க்காமல் பெரிய முடிவு எதுவும் எடுக்க மாட்டாள். பக்கத்து வீட்டுத் தையல்காரி வேடிக்கை பார்க்க வந்தவள், அஞ்சைக் கண்டதும் மேலே ஏற்றச் சொல்லிக் கையை நீட்டுவாள்.

"ஏத்தணும்னு பறக்காத. அஞ்சை அனுப்பிட்டா நாலு எங்க போய் உக்காரும்?" என்பாள் சீட்டக்கா. "ராஜா கையில இல்லாம வரிசையையும் காலி பண்ணக் கூடாது. காலி இடத்துல ராஜாவைத் தவிர வேற யாரும் குடிவர முடியாது."

"எங்க வீட்டு ராஜா வந்தாலே எல்லாம் காலியாயிடுது அக்கா," என்பாள் தையல்காரி.

இப்படி ஆடுகிறவள் அடிக்கடி ஜெயித்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் தம்பிக்கு அது அதிசயமாகப்பட்டது. பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளரான அவனுக்கு வெளியூர் மாற்றல் வந்து, அது ரத்தான அன்று அக்கா ஜெயித்திருந்தாள். போதாதா? அன்றிலிருந்து சீட்டு அந்த வீட்டில் குறி சொல்ல ஆரம்பித்தது. ஆடுகிறவரிடம் காரியம் என்னவென்று சொல்லக் கூடாது, சொன்னால் குறி கெட்டுவிடும் என்று அவனே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டான். "அக்கா, ஒரு காரியம். போடு," என்பான். ஜெயித்தால் காரியம் நடக்கும், தோற்றால் தள்ளிப்போகும்.

பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தம்பியை அண்டியிருக்கும் புருஷனில்லாத அக்காவுக்கு வீட்டில் என்ன மதிப்பு இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். குறி சொல்கிறவளுக்கு மதிப்பு கொஞ்சம் கூடத்தான் செய்தது. முதல் தம்ளர் தேநீர் அவளுக்கு வந்தது. பேசாமல் இருந்துவிட்டாள்.

ஒருநாள் காய்ச்சலில் தலை பாரமாக இருந்தபோது தம்பி வந்து "போடு" என்றான். சீக்கிரம் முடித்துவிட்டுப் படுக்க வேண்டும் என்று ஆடினாள். அஞ்சுகளை மேலே ஏற்றினாள், ராஜா வராமலேயே ஒரு வரிசையைக் காலி செய்தாள். ஆட்டம் இறுகி நின்றுவிட்டது. தப்பு தன்னுடையது என்று கையை நிறுத்தும்போதே தெரிந்தது. தம்பி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான். அவளும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

மழைக்காலம் முடிந்து மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக் கொண்டிருந்தபோது, தம்பி மனைவி கையைத் தூக்க முடியாமல் முகம் சுளித்தாள். என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். விடாமல் கேட்டபின் சொன்னாள். மார்பில் கட்டி. சதையை எடுத்துப் பரிசோதிக்க உடனே வரச் சொல்லியிருந்தார் டாக்டர். வீட்டுக்காரர்தான் இப்போது வேண்டாம் என்றுவிட்டார்.

"ஏன்?"

"நீங்க அன்னிக்குத் தோத்துட்டீங்களே அண்ணி."

சாயங்காலம் தம்பி வந்ததும் கேட்டாள். அவன் தடுமாறவில்லை. இன்னொரு தடவை போட்டுப் பார், வந்தால் நாளைக்கே கூட்டிப்போகிறேன் என்றான். அவளும் உட்கார்ந்தாள். வாதாடி ஜெயிப்பதைவிட ஆடி ஜெயிப்பது சுலபம் என்று நினைத்தாள். நிதானமாக, தெரிந்த உபாயம் அத்தனையும் பயன்படுத்தி ஆடினாள். கிளற வேண்டிய வரிசையைக் கிளறினாள், பிடித்துவைக்க வேண்டியதைப் பிடித்துவைத்தாள். அப்படியும் ஆட்டம் நின்றுபோனது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஆடினாலும் ஜெயிக்கவே முடியாத கட்டுகள் உண்டு.

"பாத்தியா," என்றான் தம்பி.

ஒரு சீட்டை நைசாக மாற்றிவைத்திருந்தால் அவன் கண்டுபிடித்திருக்க மாட்டான். அவள் கை ஒரு கணம் போகத்தான் போனது. மாற்றினால் நாளைக்கு ஆஸ்பத்திரி. ஆனால் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் இந்தச் சீட்டுதான் இந்த வீட்டில் டாக்டர். கையை இழுத்துக்கொண்டாள். குப்புறக் கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

"இங்க பாரு. எனக்கு வேண்டிய ரெண்டு ஏஸும் ஒரே ராஜாவுக்கு அடியில கெடக்கு. அந்த ராஜா போக ஒரு காலி இடம் வேணும். அதுக்கு வழியே இல்ல. யார் ஆடினாலும் வராது."

"அதைத்தான் விதிங்கறேன்."

"கலைச்சது நான்டா. இந்தக் கை. போன தடவை வராததுக்குக் காரணம் சீட்டுகூட இல்ல, என் காய்ச்சல்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தான். அவள் குரலை உயர்த்தவில்லை.

"உனக்குக் குடலிறக்கம் வந்துச்சே. அப்ப எந்தச் சீட்டுடா போட்டோம்?"

தம்பி நின்றான். அவனுக்கு நோவு வந்தபோது அன்றைக்கே வண்டி வந்தது. அவன் வலியை யாரும் சகுனத்திடம் காட்டி அனுமதி கேட்கவில்லை. பெண்ணின் வலி மட்டும் மேசைமேல் பரப்பப்பட்டுக் காத்திருந்தது. இதற்கு விதி என்று பெயர் வைப்பவர்களைவிடக் கெட்டிக்கார ஏமாற்றுக்காரர்களை நான் பார்த்ததில்லை.

"அண்ணி, ரிப்போர்ட் பீரோவுல இருக்கு. எடுத்துட்டு வரேன்," என்றாள் தம்பி மனைவி. புருஷன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் இருவரும் பேருந்து ஏறினார்கள். மத்தியானம் தம்பி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வந்து நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முன்னமே ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டபோது மூன்று பேருமே தரையைப் பார்த்தார்கள். மார்பை எடுத்தார்கள். நோய் அக்குளுக்கும் பரவியிருந்தது. முடி கொட்டிப்போய், வாயெல்லாம் புண்ணாகி, சிகிச்சை இன்னும் நடக்கிறது. பிழைப்பாளா என்று உறுதியாகச் சொல்ல யாருமில்லை.

சீட்டக்கா இப்போதும் ஆடுகிறாள், ஆனால் யாருக்காகவும் இல்லை. ஒருநாள் மருந்து கொடுத்துக்கொண்டே, அன்றைக்கு மட்டும் ஒழுங்காக ஆடியிருந்தால், என்று தொடங்கினாள்.

"நீங்க ஜெயிச்சிருந்தாலும் சீட்டைக் கேட்டுட்டுத்தானே அண்ணி என்னைக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க?" என்றாள் தம்பி மனைவி.

உங்கள் வீட்டிலும் ஒருத்தி வலியை விழுங்கிக்கொண்டு, நல்ல நேரத்துக்கோ வேறு யாருடைய சம்மதத்துக்கோ காத்திருக்கலாம். எழுந்து போய் அவளிடம் கேளுங்கள். ஒன்றுமில்லை என்பாள், விடாமல் கேளுங்கள். கேட்டுவிட்டு, இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.