சாம்பிராணி ஆகாத கடல் தண்ணீர்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் ஐஸ்கிரீம் கடை. தூத்துக்குடியிலிருந்து வந்த வேன் ஒன்று வாசலில் ரிப்பேராகி நின்றது. ஒல்லியான ஒரு பெண் பெட்டியோடு இறங்கி ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, ஆராய்ச்சிக்கு உறைய வச்ச கடல் தண்ணி. உருகிட்டுன்னா இத்தன மாச வேலையும் போச்சு. ஃப்ரீசர்ல வைக்கலாமா?"

குல்பியை ஒதுக்கி இடம் கொடுத்தேன். பெட்டியிலிருந்த ஒவ்வொரு பாட்டிலையும் தொடும் முன் புதுக் கையுறை மாட்டினாள்.

"அப்படி என்னம்மா இருக்கு இதுல?"

"இதுல கரைஞ்சு கெடக்க கரிக்கு, அதான் கார்பனுக்கு, வயசு பாக்கணும். ஆறு இப்பம் கொண்டாந்து விட்டதா, ஆயிரம் வருஷமா கடல்லயே கெடக்கான்னு தெரிஞ்சிரும்."

பொழுது சாய, என் மனைவி வழக்கம்போல் சாம்பிராணித் தட்டோடு வந்தாள். அந்தப் பெண் கைகளை விரித்து ஃப்ரீசரை மறித்துக்கொண்டாள்.

"மைனி, வேண்டாம்! புகையும் கரிதான். ஒட்டிக்கிட்டா வயசு மாறிரும்."

"வெள்ளிக்கிழம சாமிக்குப் போடாம இருக்கவா?"

"சாமி பொறுத்துக்கிடும் மைனி, வயசு பாக்க மெஷின் பொறுக்காது."

மனைவி சிரித்துவிட்டாள். "அப்ப வேனுக்குப் போடுதேன். அதாச்சும் கெளம்பட்டும்" என்று தெருவில் இறங்கிச் சுற்றிக் காட்டினாள்.

"எக்கா, கண்ணு எரியுது!" என்றான் வேனுக்கு அடியில் கிடந்த மெக்கானிக்.

வேன் சரியானபோது பாட்டில்கள் கல்லாய் இறுகியிருந்தன. அந்தப் பெண் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். எனக்கு வெறும் ஐஸ்தான் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தால், உள்ளே யாரோ ஆயிரம் வயசுப் பெரியவர் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.